ஓம் சொல்லிப் பழகின வாய்

போன கிழமை எங்கட பழைய கடை முதலாளியம்மா வீட்டுக்கு வந்தவ. என்ர முதலாளியின்ர மகள்தான். தகப்பன் போனபிறகு கடையை அவதான் நடத்திறா. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எனக்கொரு வேலையும் தந்திட்டுப் போனா.

"சபா அண்ணை, இப்ப வாற சனம் உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, சீனி போடாதை எண்டு ஆயிரம் சொல்லுது. ஓடர் எடுக்கிற ரப்லெட்டில அதுக்கெண்டே ஒரு பெட்டி வைச்சிருக்கு. எங்கட ஆக்கள் அதில எல்லாத்தையும் எழுதீனம். குசினியில சமைக்கிற ஒருத்தரும் வாசிக்கினமில்லை. நீங்கள் அந்த நாளில இதுகளை எப்பிடிச் சமாளிச்சனீங்கள் எண்டு எங்கட ஆக்களுக்கு எழுதித் தாங்கோவன்."

ரப்லெட் எண்டவுடனே நான் குளிசை எண்டு நினைச்சிட்டன். சீனி வருத்தக்காரனுக்கு வேற என்ன நினைப்பு வரும்? அவ சிரிச்சுப்போட்டு, அது போன் மாதிரி ஒரு சாமான் எண்டு விளங்கப்படுத்தினா.

எப்பிடிச் சமாளிச்சனான்? எதைக் கேட்டாலும் தலையாட்டி "ஓம்" எண்டு சொல்லிச் சமாளிச்சனான். உண்மையில இந்தக் கட்டுரை இந்த இடத்தில முடியவேணும். ஆனால் பேனையைக் கையில எடுத்த கிழவனை ஆர் நிப்பாட்டிறது?

நான் கப்பலில வேலைக்குப் போறன் எண்டு வீட்டில சொல்லிப்போட்டுத் துறைமுகத்துக்கு வந்தவன். கப்பலைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்ச கடையிலயே வெயிற்றரா நிண்டிட்டன். பேந்து முழங்கால் ரெண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்யுமட்டும் அங்கதான். கப்பலில ஏறின ஆக்களுக்குச் சோறு போட்டிருக்கிறன், அவ்வளவுதான் என்ர கடல் அனுபவம்.

வேலை பழகினது முதல் நாளே முடிஞ்சுது. ஒருத்தர் வந்து பாலப்பம் கேட்டார். "அப்பம் முடிஞ்சுது ஐயா" எண்டு நான் நேர்மையாச் சொன்னன். அவர் எழும்பி அடுத்த கடைக்குப் போயிட்டார். முதலாளி காசு மேசையில இருந்து விரலால கூப்பிட்டார்.

எங்கட முதலாளி ஒரு நாளும் ஆரையும் ஏசமாட்டார். கண்ணாடியைக் கழட்டுவார். சேட்டு நுனியால மெல்லத் துடைப்பார். வெளிச்சத்துக்கு நேர பிடிச்சுப் பாப்பார். இன்னும் ஊத்தை எண்டு கண்டால் திரும்பவும் துடைப்பார். அந்தக் கண்ணாடி திரும்ப மூக்கில ஏறுமட்டும் எதிரில நிக்கிறவன் அசையாமல் நிக்கவேணும். ரெண்டு தூசணத்தால ஏசிப்போட்டு விட்டாலும் நிம்மதியாப் போகலாம்.

கண்ணாடி ஏறினாப்பிறகு சொன்னார்: "தம்பி, வாற ஆளுக்கு எங்கட கடையில ஒரு சொல்லுத்தான். ஓம். 'இல்லை', 'ஏலாது' எல்லாம் நீ வீட்டில மனிசிக்குச் சொல்லு."

எனக்கு அப்ப மனிசி இல்லை. பேந்து வந்தவவுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லுற துணிவு எனக்கு வரேல்லை. அது வேற கதை.

"அப்பம் கேட்டால், 'ஓம், வருது' எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போ. கொஞ்சத்தால வெளிய வந்து, 'ரொட்டி சூடாப் போடினம், கொண்டுவரட்டோ' எண்டு கேள். பசியோட இருக்கிற மனிசன் வேண்டாம் எண்டு சொல்லான்." ஒருத்தரும் சொல்லவும் இல்லை. நானும் பிடிச்சுக்கொண்டன்.

ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. மத்தியானம் ஆனால் முதலாளிக்கு வீட்டில இருந்து கரியரில சாப்பாடு வரும். சுவர்ப்பக்கம் திரும்பி இருந்து சாப்பிடுவார். எங்கட கடைச் சோறு அவற்ற வாயில பட்டதை நான் காணேல்லை. பெரிய ஆக்களின்ர பழக்கம் இப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சன். எனக்கு மூளை அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில என்ர வாயில மூண்டு விதமான ஓம் வந்திட்டுது. கட்டையாச் சொல்லுற "ஓம்" எண்டால், செய்வம். "ஓமோம்" எண்டால், கேட்டுக்கொண்டன், குசினியில சொல்லுவன், மிச்சம் கோணேசர் விட்ட வழி. தலையைச் சரிச்சு, ஒரு சிரிப்போட இழுத்துச் சொல்லுற "ஓ...ம்" எண்டால், நடக்கவே நடக்காது, நீங்கள் ஆறுதலா இருங்கோ. டொக்டர் சொன்னது, பத்தியம், கொலஸ்ட்ரோல் எண்டு வாற ஆக்களுக்கெல்லாம் அந்த மூண்டாவதுதான். அதைத்தான் அவைக்கு நல்லாப் பிடிக்கும். "எவ்வளவு மரியாதையான மனிசன்" எண்டு என்னைப் பற்றிச் சொல்லுவினம்.

குசினியில சமையல் எங்கட ஹனீபா நானா, முஸ்லிம் ஆக்கள் அண்ணனை நானா எண்டுதான் சொல்லுறவை. கிண்ணியா ஆள். அவற்ற பாரை மீன் குழம்புக்கு ஊரே வரும். பொய் சொல்லமாட்டார், அஞ்சு நேரமும் தொழுகிற மனிசன். ஆனால் அவற்ற உண்மை ஒரு தனி உண்மை.

"எண்ணெய் இல்லாமல் ஒரு கொத்துரொட்டி!" எண்டு நான் கத்துவன். நானா எண்ணெய்ப் போத்தலைத் தொடவே மாட்டார். மாஜரினை அள்ளிக் கல்லில போடுவார். "அவங்க எண்ணெய் வேணாம் எண்டுதானே சொன்ன? இது மாஜரின்."

வெள்ளிக்கிழமை விரதகாரர் வந்து மரக்கறி கேட்டால், மரக்கறிதான் போகும். பக்கத்தில சம்பலும் போகும், சம்பலுக்குள்ள மாசியும் போகும். "நானா, மாசியும் மீன்தானே?" எண்டு ஒருக்காக் கேட்டன். "மீன் எண்டா முள்ளு இரிக்கோணும்" எண்டார். நான் யோசிச்சுப் பாத்தன். சரி போலத்தான் கிடந்தது.

தேத்தண்ணிதான் எல்லாத்திலயும் திறம். "சீனி இல்லாமல் ஒரு பால்தேத்தண்ணி!" சீனி ஒரு மணியும் போடமாட்டினம். அதுக்குப் பதிலா டின்பாலைக் கரண்டியால வழிச்சு ஊத்துவினம். டின்பால் எண்டால் அரைவாசி சீனிதானே. குடிச்ச ஆள் நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்லும்: "பாத்தியளோ, சீனி இல்லாமலே என்ன ருசி! பழகினாச் சரி." நான் தலையைச் சரிச்சு, "ஓ...ம்" எண்டுவன்.

இப்பிடித்தான் நாங்கள் ஊரின்ர ஆரோக்கியத்தைக் காப்பாத்திக்கொண்டு இருந்தனாங்கள்.

ஆஸ்பத்திரியில கிளினிக் நடக்கிற நாளில கடை நிரம்பும். மூதூர், சம்பூர், தம்பலகாமம் எண்டு எல்லா இடத்து ஆக்களும் மருந்துப் பையோட வந்து இருப்பினம். அப்பிடி ஒரு நாள் மத்தியானம் ஒரு சோடி வந்தது. மனிசன் கடல் தொழில் செய்த ஆள் எண்டு பாத்தவுடனே தெரியும், தோளும் கையும் அப்பிடி. ஆனால் கால் ரெண்டும் வீங்கி, செருப்பு வார் பதிஞ்சு கிடந்தது. கதிரையில இருக்கிறதுக்குள்ள மூச்சு வாங்கிப் போனார். அவற்ற மனிசி பரமேஸ்வரியக்கா. பெயர் எனக்குப் பேந்துதான் தெரியும்.

"தம்பி, நாங்கள் சம்பூர். இவருக்கு இருதயம் பலவீனம். நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டி இப்பத்தான் ஆஸ்பத்திரி வாட்டால வந்தவர். உப்புத் துப்பரவாக் கூடாது. திரும்பவும் தண்ணி கட்டினால் தங்களால ஒண்டும் செய்ய ஏலாது எண்டு இண்டைக்கும் டொக்டர் சொல்லிப்போட்டார். சாப்பிட்டிட்டுத்தான் குளிசை போடவேணும். நான் உப்பில்லாமல் சமைச்சுக் கட்டிக்கொண்டுதான் வந்தனான். உப்பில்லாத கறி இந்த வெக்கைக்கு நிக்குமே? அவிழ்த்துப் பாத்தால் புளிச்சுப் போய்க் கிடக்கு. உப்பில்லாமல் இவருக்கு ஒரு மீன்கறி தர ஏலுமோ?"

நான் தலையைச் சரிச்சன். "ஓ...ம் அக்கா."

மற்ற ஆக்கள் இந்த இடத்தில சந்தோஷப்படுறவை. அக்கா என்ர முகத்தைப் பாத்தா.

"அம்மாவாணை?"

எங்கட பக்கத்தில அம்மாவாணை எண்டு சொன்னால் அது பகிடியில்லை. அம்மாவின்ர தலையில அடிச்ச சத்தியம். பொய்யெண்டால் அம்மாவுக்கு ஏதும் நடந்துபோடும். என்ர அம்மா அந்த நேரம் வீட்டில சுகமா இருந்து முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தவ. இந்தக் கதை ஒண்டும் அவவுக்குத் தெரியாது.

"அம்மாவாணை அக்கா" எண்டிட்டன். நான் எங்க சொன்னனான், வாய் சொல்லிப்போட்டுது.

குசினி வாசலில நிண்டு, "உப்பில்லாமல் ஒரு மீன் சாப்பாடு!" எண்டு கத்தினன். நானா நிமிர்ந்தும் பாக்கேல்லை. விடியக் காத்தால வைச்ச பாரைக் குழம்பு பெரிய சட்டியில கிடந்தது. அதில ஒரு துண்டை எடுத்தார், சுடுதண்ணியில ரெண்டு அலம்பு அலம்பினார், மேல கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊத்தினார். "இந்தா, உப்பு போயிட்டு" எண்டார். கழுவின மீன் எண்டு அதுக்கு எங்களுக்குள்ள ஒரு பேரே இருந்தது. பிரஷர்காரர் எத்தினை பேர் அதைத் திண்டு வாழ்த்திப்போட்டுப் போயிருக்கினம்!

கோப்பையைக் கையில எடுத்தன். குசினியில இருந்து அந்த மேசைக்குக் கிட்டத்தான். ஆனால் அண்டைக்குக் கால் நகருதில்லை. கையில சோத்துக் கோப்பையோட என்ர அம்மாவும் இருக்கிறமாதிரிக் கிடந்தது. மனிசன் தூரத்திலயே மீனைக் கண்டிட்டார். சின்னப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து, கையைத் தண்ணியில நனைச்சுக்கொண்டு ஆயத்தமா இருந்தார். நான் கோப்பையை மேசையில வைச்சன். அவர் மீனில கை வைச்சார்.

"வேண்டாம் அண்ணை!" எண்டு கத்திப்போட்டன். கோப்பையைப் பிடிச்சு இழுத்தன். அவர் விடேல்லை, அவரும் மற்றப் பக்கம் இழுத்தார். கடை முழுக்கத் திரும்பிப் பாத்தது. கடைசியா நான்தான் வெண்டன், சேட்டில பாதிக் குழம்போட.

"ஏலாது அக்கா. இது கழுவின மீன். மேல்உப்புத்தான் போயிருக்கும், உள்ளுக்கு அப்பிடியே இருக்கு. எங்கட கடையில உப்பில்லாத கறி இல்லை."

அக்காவுக்கு வந்த கோவம் இருக்கே! "அப்ப என்ன கோதாரிக்கு அம்மாவாணை எண்டனீங்கள்?"

"வாய் பழகிப்போச்சு அக்கா" எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது?

முதலாளி கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சுக்கொண்டே எழும்பி வந்தார். எனக்கு வேலை போச்சு எண்டு விளங்கீட்டுது. இந்த வயசில இனி எந்தக் கப்பல் என்னை ஏத்தும்?

"தம்பி, 'ஏலாது' எண்ட சொல்லு எங்கட கடையில இல்லையே" எண்டார், அதே மெல்லிய குரலில.

"இண்டைக்கு இருக்கு முதலாளி" எண்டன். அந்தத் துணிவு எங்கயிருந்து வந்தது எண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது. பயத்தில வந்ததாத்தான் இருக்கவேணும்.

அவர் அக்காவைப் பாத்தார், அந்த மனிசன்ர காலைப் பாத்தார். "அம்மா, கொஞ்சம் பொறுப்பியளோ?" எண்டு கேட்டார். சம்பூர் பஸ்சுக்கு நேரம் இருக்கு எண்டா அக்கா. "அப்ப இவையள் சமைப்பினம். இந்தமுறை நீங்களே வந்து நிண்டு பாருங்கோ."

வெளி ஆளை எங்கட குசினிக்குள்ள விட்டது அண்டைக்குத்தான். நானாவுக்கு மானம் போச்சு. "என்ட குசினிக்குள்ள நீதிமன்றமா வெக்கிறீங்க?" எண்டு முணுமுணுத்தார். பேந்து சோதனை தொடங்கிச்சுது. ரொட்டி மாவில உப்பு. இடியப்ப மாவில உப்பு. பருப்பில உப்பு. சரி, தூளைப் போட்டுப் புதுசா வைப்பம் எண்டால், நானா வேலை சுகத்துக்குத் தூளோடயே உப்பைக் கலந்து வைச்சிருக்கிறார். சோறு ஒண்டுதான் தப்பினது. இவ்வளவு நாளும் நான் ஆருக்கெல்லாம் "உப்பில்லாமல் வருது" எண்டு சொன்னனான் எண்டு நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமில்லை எண்டபடியால் அடக்கிக்கொண்டன்.

ஐஸ்பெட்டியில பச்சை மீன் இருந்தது. "கடல்ல கெடந்த மீனுக்குள்ள இரிக்கிற உப்பை நான் எப்பிடி எடுக்கிற?" எண்டு நானா ஒரு கேள்வி கேட்டார். அதை விடச்சொல்லி அக்கா சொன்னா. சட்டியை நான் தேய்ச்சுக் கழுவினன். மிளகு, சீரகம், மஞ்சள், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, புதுசாப் பிழிஞ்ச பால். கறி கொதிக்க, நானாவின்ர கை தன்பாட்டில உப்பு டின்னுக்குப் போச்சு. அக்கா "ஐயோ!" எண்டா. நானா கையைச் சுட்டமாதிரி இழுத்தார். "யா அல்லாஹ், கை பழகிட்டு" எண்டார். கொஞ்சத்தால திரும்பவும் போச்சு. கடைசியில நான் அந்த டின்னைத் தூக்கி அக்குளுக்குள்ள வைச்சுக்கொண்டு கறி இறக்குமட்டும் நிண்டன். என்ர முழு வேலைக் காலத்திலயும் நான் செய்த பெரிய சேவை அதுதான்.

இறக்கி, தேசிக்காய் பிழிஞ்சு, நானா ஒரு சொட்டு நாக்கில வைச்சார். முகம் சுருங்கிச்சுது. "உப்பில்லாப் பண்டம் குப்பையில. என்ட பேரைச் சொல்லிக் குடுக்காதீங்க."

மனிசன் சாப்பிட்டார். அக்கா அவற்ற வாயையே பாத்துக்கொண்டிருந்தா. "எப்பிடி இருக்கு?"

"ருசி இல்லை" எண்டார். "ஆனால் சூடா இருக்கு." அப்பிடியே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

குளிசையைக் குடுத்திட்டு அக்கா கை கழுவப் போனா. அவர் என்னைக் கிட்ட வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். "தம்பி, ஒரேயொரு கல்லு உப்பு. நாக்கில வைக்க மட்டும். அவ வாறதுக்குள்ள."

அந்தக் கண்ணைப் பாத்தால் ஆருக்கும் ஓம் எண்டுதான் வாயில வரும். எனக்கும் வந்தது. பல்லைக் கடிச்சுக்கொண்டு, "ஏலாது அண்ணை" எண்டன்.

"வீட்டிலயும் ஏலாது, வாட்டிலயும் ஏலாது, காசு குடுத்துச் சாப்பிடுற கடையிலயுமோ ஏலாது?" எண்டு கேட்டுப்போட்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சார். எனக்கு அழுகை வந்தது. மேசையைத் துடைக்கிறமாதிரிக் குனிஞ்சுகொண்டன்.

போகேக்குள்ள அக்கா வாசலில நிண்டா. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிச்சவை. நாங்கள் உப்புப் போடாத ஆக்களைத்தான் நினைக்கவேணும் போல கிடக்கு" எண்டா. ரெண்டடி போய்த் திரும்பினா. "இனிமேல் தாயைச் சும்மா சும்மா இழுக்காதேங்கோ தம்பி."

அவையள் போனாப்பிறகு எனக்குக் கண்ணாடி துடைக்கிற பூசை நடக்கும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். முதலாளி குசினிக்குள்ள போனார். சட்டியில மிஞ்சின உப்பில்லாத மீனைக் கோப்பையில போட்டுக்கொண்டு வந்து, சுவரைப் பாக்காமல் எங்களைப் பாத்து இருந்து சாப்பிட்டார். வீட்டுக் கரியர் திறக்காமல் கிடந்தது.

"எனக்கும் பிரஷர்தான்ரா" எண்டார். "என்ர கடையில சாப்பிட எனக்குப் பயம்."

அதுக்குப் பிறகு கிளினிக் நாளுக்கு முதல்நாள் அக்கா கடைக்கு போன் எடுப்பா. ஒரு சின்னச் சட்டி அவைக்கெண்டு தனியா இருந்தது, முதலாளிக்கும் அதிலதான். மற்ற ஆக்கள் கேட்டால், "இண்டைக்கு ஏலாது, முதல்நாள் சொன்னால் ஏலும்" எண்டு சொல்லப் பழகினன். கொஞ்சப் பேர் கோவிச்சுக்கொண்டு அடுத்த கடைக்குப் போச்சினம். அங்க "ஓம்" சொல்லியிருப்பினம்.

கனகாலம் வந்தவை. ஒரு நாள் அக்கா தனிய வந்தா, தன்ர கண் கிளினிக்குக்கு. நான் கேக்க முதலே சொன்னா: "வாட்டில இல்லைத் தம்பி. வீட்டில, நித்திரையிலயே போனார்." பேந்து, "எனக்கு உப்புப் போட்ட கறியே தாங்கோ, எனக்கென்ன வருத்தம்" எண்டா. நானாவின்ர பாரைக் குழம்பைக் கொண்டுபோய் வைச்சன். ஒரு வாய் வைச்சா. கோப்பையை மெல்லத் தள்ளினா. "உப்புக் கூடிப்போச்சுத் தம்பி" எண்டா. நானா உப்புக் கூட்டிற ஆளில்லை. நான் அந்தச் சின்னச் சட்டியை எடுத்துத் தரச்சொல்லி நானாவிட்டக் கேட்டன்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு நேற்று கடைக்குப் போனன். முதலாளியம்மா வெளிய போயிருந்தா. புதுசா ஒரு பிள்ளை ஓடர் எடுக்கிறா, ரெண்டு பிள்ளையளின்ர தாய், மூதூர்ப் பக்கமாம். நான் பெரிய மனிசத் தோரணையில இருந்து, "பிள்ளை, எனக்குச் சீனி வருத்தம். சீனி இல்லாமல் ஒரு பால்தேத்தண்ணி" எண்டன்.

அவ ரப்லெட்டில குத்திக்கொண்டு தலையைச் சரிச்சா. "ஓ...ம் ஐயா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அது என்ர ஓம்! என்னட்டப் பழகாமலே அவவுக்கு எப்பிடி வந்தது?

"அம்மாவாணை?" எண்டு கேட்டன்.

பிள்ளை ரப்லெட்டைக் கீழ வைச்சா. பேந்து உள்ளுக்குப் போனா. கொஞ்சத்தால திரும்பி வந்தா. "ஏலாது ஐயா. உள்ள டின்பால்தான் கிடக்கு. சீனி போடாட்டியும் இனிப்புத்தான். வெறுந்தேத்தண்ணி தரட்டோ?"

எழுந்து நிண்டு கை தட்டவேணும் போல இருந்தது. ஆனால் பாருங்கோ, அதுக்குள்ள உள்ளுக்கு ஆற்றின தேத்தண்ணியின்ர வாசம் மூக்கில ஏறீட்டுது. டின்பால் வாசம். நாக்கு ஊறுது. வீட்டில மனிசி கண்ணில காட்டாத சாமான்.

குரலைத் தாழ்த்திச் சொன்னன்: "பரவாயில்லைப் பிள்ளை. டின்பாலே போடுங்கோ. இண்டைக்கு மட்டும்."

"ஏலாது" எண்டா.

"வீட்டிலயும் ஏலாது, கிளினிக்கிலயும் ஏலாது, கடையிலயுமோ..." எண்டு தொடங்கினவன், பாதியில வாயை மூடிக்கொண்டன். அந்தச் சம்பூர் மனிசன் சிரிச்ச சிரிப்பு காதுக்குள்ள கேட்டது.

"என்ர அம்மாவை இழுத்துப்போட்டு இப்ப கதையை மாத்திறியளோ ஐயா?" எண்டு கேட்டுப்போட்டு அந்தப் பிள்ளை உள்ளுக்குப் போனா.

வெறுந்தேத்தண்ணி வந்தது. வாயில வைக்க ஏலாத கசப்பு. பிள்ளை பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தா. கடைசிச் சொட்டு மட்டும் குடிச்சன்.